தென்காசி வட்டாரத்தில் உட்பொதி அமைப்பியல் இணையவழிக் கல்வி

உட்பொதி அமைப்பியல் இணையவழிக் கல்வி என்பது உட்பொதி அமைப்புகள், வன்பொருள் வடிவமைப்பு, எண்முறைத் தொடர்பு நெறிமுறைகள் ஆகிய ஒன்றோடொன்று பிணைந்த மூன்று துறைகளை இணையத்தின் வழியாகக் கற்பிக்கும் படிப்புகளைக் குறிக்கும். ஒரு பெரிய கருவிக்குள் பொதிந்திருந்து, குறிப்பிட்ட ஒரு வேலையை மட்டும் செய்யும் கணினியே உட்பொதி அமைப்பு ஆகும். துணி துவைக்கும் இயந்திரம், மின் அளவி, பேருந்தில் பயணச்சீட்டு அச்சிடும் கைக்கருவி, கிணற்று மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் பெட்டி ஆகிய அனைத்திலும் அத்தகைய கணினி உண்டு.

இப்படிப்புகள் நாடு முழுவதற்கும், சில உலகம் முழுவதற்கும் பொதுவானவை. தென்காசிக்கென்று தனியாக உருவாக்கப்பட்டவை அல்ல. எனினும் இவற்றின் பயனையும் குறையையும் அளந்து பார்க்கத் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை போன்ற ஊர்கள் பொருத்தமானவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வட்டாரம் சென்னையிலிருந்து சாலை வழியாகச் சுமார் 600 கி.மீ. தொலைவில் உள்ளது. பேராசிரியரின் விரிவுரை இங்குள்ள வீட்டுக்கு வந்துவிடுகிறது. மின்னலைகாட்டியும் பற்றவைப்புக் கோலும் வைத்த ஆய்வுக்கூட மேசை வருவதில்லை. அம்மேசைக்கு ஈடாக எதைத் தருகிறது என்பதே இத்துறையில் ஒரு படிப்பை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது.

துறைகள்

உட்பொதி அமைப்புப் பாடம் நுண்கட்டுப்படுத்தியிலிருந்து தொடங்கும். செயலி, நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் ஆகியவை ஒரே சில்லில் அமைந்ததே நுண்கட்டுப்படுத்தி. அதற்கான நிரல்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகின்றன. வன்பொருள் வடிவமைப்பு இரு வகைப்படும். சில்லுகளையும் பிற உறுப்புகளையும் ஒரு மின்சுற்றுப் பலகையில் இணைப்பது ஒன்று. சில்லின் உட்புறத்தையே வெரிலாக், விஎச்டிஎல் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழிகளால் வடிவமைப்பது மற்றொன்று. தொடர்பு நெறிமுறை என்பது இரு கருவிகள் எந்த வேகத்தில், எந்த வரிசையில், எத்தகைய பிழை சரிபார்ப்புடன் பேசிக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாடு.

இம்மூன்றையும் தனித்தனிப் பாடங்களாக நடத்துவது பாடத்திட்ட வசதிக்காகவே. நடைமுறையில் ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால், குற்றம் நிரலிலா, கம்பியிலா, நெறிமுறையிலா என்று முன்கூட்டியே சொல்ல இயலாது.

வரலாறு

இந்தியாவில் பொறியியல் விரிவுரைகளைத் தொலைவிலிருந்து வழங்கும் பெரிய முயற்சி 2003-இல் தொடங்கியது. அவ்வாண்டு சனவரியில் ஏகலவ்யா என்னும் தொழில்நுட்பத் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்பிடெல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டத்தைத் தொடங்கின. தொழில்நுட்பத்தால் மேம்பட்ட கற்றலுக்கான தேசியத் திட்டம் என்பது அதன் விரிவு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதன் ஒருங்கிணைப்பில் முதன்மைப் பங்கு வகித்து வருகிறது. வகுப்பறையில் நடந்ததைப் போன்றே ஏறத்தாழ ஒரு மணி நேர விரிவுரைகளாக அவை பதிவு செய்யப்பட்டன. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சந்தனு சௌதுரி நடத்திய உட்பொதி அமைப்புகள் பாடம் அக்காலத்து விரிவுரைத் தொடர்களுள் ஒன்றாகும்.

அன்றைய இணைய வேகத்தில் ஒளிப்படக் கோப்புகளைத் தரவிறக்குவது சிற்றூர்க் கல்லூரிகளுக்கு எளிதாக இருக்கவில்லை. எனவே விரிவுரைகள் வன்தட்டுகளில் பதியப்பட்டும் கல்லூரிகளுக்கு வழங்கப்பட்டன. கல்லூரி நூலகத்தின் உள்வலையில் அவற்றைப் பார்க்கலாம். வீட்டில் பார்க்க இயலாது. 2016 செப்டம்பருக்குப் பின் கைப்பேசித் தரவின் விலை பெரிதும் குறைந்தபோதுதான் இந்நிலை மாறியது.

உலக அளவில் 2012 மார்ச்சில் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் நடத்திய மின்சுற்றுகளும் மின்னணுவியலும் என்ற பாடம் ஒரு திருப்பமாகும். சுமார் 1,55,000 பேர் பதிவு செய்த அப்பாடத்தில் 7,157 பேர் தேர்ச்சி பெற்றனர். திறந்தநிலைப் படிப்புகளின் பரப்பையும், அவற்றை முடிப்போரின் சிறுபான்மையையும் ஒருங்கே காட்டிய எண்ணிக்கை இது. மின்சுற்றுகளைக் கற்பிக்கும் பாடமாக இருந்தும், அதன் செய்முறை முழுவதும் உலாவியில் இயங்கிய உருவகப்படுத்தியிலேயே நடந்தது.

என்பிடெல் 2014 மார்ச்சு முதல் வாரந்தோறும் ஒப்படைப்புகளும் இறுதியில் தேர்வும் கொண்ட சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. 2017 சூலையில் நடுவண் அரசு தொடங்கிய சுவயம் தளத்தில் பொறியியல் பாடங்களை வழங்கும் பொறுப்பும் அதனுடையதே. 2023 மார்ச்சில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மின்னணு அமைப்புகளில் நான்காண்டு இளநிலை அறிவியல் பட்டத்தை இணையவழியில் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றோர் இதற்குத் தகுதி உடையவர்கள். கூட்டு நுழைவுத் தேர்வு எழுதாதவர்கள் சில வாரப் பாடங்களைப் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறிச் சேரலாம். சி நிரலாக்கம், எண்முறை அமைப்புகள், உட்பொதி சி நிரலாக்கம், குறிகை முறைவழியாக்கம், உணரிகள் ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளன. அடிப்படை நிலை, பட்டயம், பட்டம் என்று இடையிடையே சான்றிதழுடன் விலகிக்கொள்ளவும் வழி உண்டு. குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை அளிக்கப்படுகிறது.

செய்முறைக்கான மாற்று வழிகள்

கணக்கியலையோ வரலாற்றையோ திரையில் படிப்பவர் இழப்பது குறைவு. வன்பொருள் அப்படியன்று. இதற்கு நான்கு வகைத் தீர்வுகள் கையாளப்படுகின்றன.

மிக மலிவானது உருவகப்படுத்தி. டிங்கர்கேட், வோக்வி போன்ற தளங்களில் ஆர்டுயினோ பலகையையும் உணரிகளையும் உலாவியிலேயே இணைத்து நிரலை ஓட்டிப் பார்க்கலாம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாசி குழு உருவாக்கிய ஈசிம் என்னும் கட்டற்ற மென்பொருள் மின்சுற்றுகளைப் பகுப்பாய்வு செய்ய உதவுகிறது. வெரிலாக் கற்பவருக்கு உருவகப்படுத்தியே பெரும்பாலும் போதும். அத்துறையில் தொழில்முறைப் பொறியாளர்களும் தம் நேரத்தில் பெரும் பகுதியைச் சரிபார்ப்பு உருவகப்படுத்தலிலேயே செலவிடுகின்றனர். காரக்பூரைச் சேர்ந்த பேராசிரியர் இந்திரனில் சென்குப்தா நடத்தும் வெரிலாக் பாடம் இணையவழியில் நன்கு பொருந்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் 130 நானோமீட்டர் சில்லு உருவாக்கத் தரவுகளைக் கட்டற்ற முறையில் வெளியிட்ட பின், சில்லின் இறுதி வரைபடம் வரை ஒரு மாணவர் தம் சொந்தக் கணினியிலேயே செய்து பார்க்க முடிகிறது.

மின்சுற்றுப் பலகைக்கு வந்தால் உருவகப்படுத்தி சில உண்மைகளை மறைத்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, பிலிப்சு நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி நெறிமுறையைக் கொள்ளலாம். தரவுக்கு ஒன்று, கடிகாரத் துடிப்புக்கு ஒன்று என இரண்டே கம்பிகளில் பல சில்லுகளை இணைக்கும் முறை இது. இதில் எந்தச் சில்லும் கம்பியைத் தாழ்நிலைக்கு இழுக்க மட்டுமே முடியும். உயர்நிலைக்குத் திருப்புவது மின்வழங்கியுடன் இணைக்கப்பட்ட மேலிழு மின்தடையின் வேலை. அத்தடை இல்லையெனில் கம்பி தாழ்நிலையிலேயே கிடக்கும், அல்லது மெதுவாக எழுந்து அடுத்த துடிப்புக்குள் உயர்நிலையை எட்டாது. கம்பி நீண்டால் அதன் மின்தேக்கு திறன் கூடி இதே நோய் வரும். நெறிமுறை அனுமதிக்கும் உச்ச அளவு 400 பிக்கோபாரடு. உலாவியில் இயங்கும் எளிய உருவகப்படுத்திகள் இத்தடையைக் கேட்பதே இல்லை. திரையில் முழு மதிப்பெண் பெற்ற நிரல் மேசையில் ஊமையாகிவிடும்போது, மாணவர் தம் நிரலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்.

இரண்டாவது வழி, மாணவரே ஒரு பலகையை வாங்கிக்கொள்வது. 2014 சனவரியில் டெக்சாசு பல்கலைக்கழகத்தின் சொனாதன் வல்வானோவும் இரமேசு எர்ரபள்ளியும் எடெக்சு தளத்தில் நடத்திய உட்பொதி அமைப்புகள் பாடம் இதற்கு முன்னோடி. ஒவ்வொரு பயிற்சியையும் முதலில் உருவகப்படுத்தியிலும் பின்னர் உண்மைப் பலகையிலும் செய்ய வேண்டும். மதிப்பீட்டு மென்பொருள் மாணவரின் கணினியிலேயே ஓடி, பலகையில் நடப்பதைப் படித்து மதிப்பெண் இடும். பாடத்தின் பரப்பைக் குறைத்தாவது உண்மை வன்பொருளைக் கட்டாயமாக்கிய அவ்வமைப்பைப் பின்வந்த பல பாடங்கள் பின்பற்றாதது ஒரு குறையே. இந்தியாவில் புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்னும் சிறு கருவியும் இங்கே குறிப்பிடத்தக்கது. கணினியுடன் இணைத்தால் அது எளிய மின்னலைகாட்டியாகவும் குறிகை பிறப்பியாகவும் மின்னழுத்த அளவியாகவும் செயல்படும். அதன் வடிவமைப்பும் மென்பொருளும் கட்டற்றவை.

மூன்றாவது மெய்நிகர் ஆய்வுக்கூடம். 2009-இல் தொடங்கிய தகவல் தொடர்பு தொழில்நுட்பவழித் தேசியக் கல்வி இயக்கத்தின் கீழ்ப் பல உயர்கல்வி நிறுவனங்கள் சேர்ந்து இதனை உருவாக்கின. சில சோதனைகளில் மாணவர் தொலைவிலுள்ள உண்மைக் கருவியையே இணையத்தின் வழியாக இயக்குவார், மற்றவை உருவகப்படுத்தல்களே.

நான்காவது, ஆய்வுக்கூடம் மாணவரிடம் வராவிட்டால் மாணவர் அதனிடம் செல்வது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மின்னணு அமைப்புகள் பட்டத்தில் செய்முறைப் பாடங்களின் ஒரு பகுதிக்கு வளாகத்துக்கு நேரில் வரவேண்டும். தென்காசி மாணவருக்கு இது பொதிகை விரைவுத் தொடருந்தில் ஓர் இரவுப் பயணம். அத்துடன் தங்கும் செலவும் உண்டு. வேலைக்குச் செல்பவராயின் விடுப்பும் எடுக்க வேண்டும். ஆயினும் நான்கு வழிகளுள் மாணவரின் கைத்திறனை நேரில் கண்டு மதிப்பிடுவது இது ஒன்றே.

எடுத்துக்காட்டு: அருவிக்கான வெள்ள எச்சரிக்கைக் கருவி

மூன்று துறைகளும் ஒரே கருவியில் சந்திப்பதை விளக்கக் குற்றாலமே தக்க களமாகும். குற்றால அருவிகளின் வெள்ளம் பெரும்பாலும் கீழே பெய்யும் மழையால் வருவதன்று. மலை மேல் பெய்யும் மழையால் வருவது. அருவிக்கரையில் வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் இறங்கக்கூடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நீர்வரத்து மிகும் நாட்களில் குளிக்கத் தடை விதிப்பது வழக்கம். ஆனால் தடை விதிப்பதற்கே நேரம் தராத வெள்ளமும் உண்டு. மேலே ஓடையின் நீர்மட்டத்தை அளந்து, கீழே சங்கொலி எழுப்பும் ஒரு கருவியை ஒரு மாணவர் வடிவமைப்பதாகக் கொள்வோம். பாடங்களில் வரும் ஏறத்தாழ எல்லாத் தலைப்புகளும் இதற்குத் தேவைப்படும்.

நீர்மட்டத்தை அளக்கத் தொடக்கநிலைப் பாடங்கள் மீயொலி உணரியைப் பரிந்துரைக்கின்றன. அது ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. 20 பாகை செல்சியசில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். வெப்பநிலை ஒரு பாகை கூடினால் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். நண்பகலுக்கும் பின்னிரவுக்கும் இடையே 10 பாகை வேறுபாடு இருந்தால், 2 மீட்டர் உயரத்தில் பொருத்திய உணரி நீர்மட்டத்தில் ஏறத்தாழ 3.5 செ.மீ. பிழை காட்டும். எனவே வெப்பநிலை உணரியும் வேண்டும். அருவியின் சாரலும் காற்றும் மீயொலியைச் சிதறடிப்பதால் ஆற்று அளவை நிலையங்களில் ரேடார் வகை அளவிகள் பயன்படுத்தப்படுகின்றன. அவை மாணவர் வாங்கும் விலையில் கிடைப்பதில்லை.

மலிவான மீயொலி உணரிகள் பல 5 வோல்ட்டில் இயங்குபவை. ஈஎஸ்பி32 போன்ற இன்றைய நுண்கட்டுப்படுத்திகள் 3.3 வோல்ட்டில் இயங்குகின்றன. உணரியின் வெளியீட்டை நேரடியாக இணைத்தால் சில்லின் முனை நாளடைவில் பழுதாகலாம். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ஆகிய இரு மின்தடைகளைத் தொடராக வைத்து மின்னழுத்தத்தைப் பகிர்ந்தால் 5 வோல்ட் 3.33 வோல்ட்டாகக் குறையும். மிகச் சிறிய செய்திதான். ஆனால் வன்பொருள் வடிவமைப்பு இத்தகைய சிறு செய்திகளால் ஆனது.

இக்கருவிக்குள் மூன்று நெறிமுறைகள் இயங்கக்கூடும். உணரி தன் அளவை யூஆர்ட் முறையில் அனுப்புவதாகக் கொள்வோம். அதில் இரு பக்கத்துக்கும் பொதுவான கடிகாரக் கம்பி இல்லை. நொடிக்கு 9600 துணுக்கு வேகத்தில் ஒவ்வொரு துணுக்கும் சுமார் 104 மைக்ரோநொடி நீடிக்கும். தொடக்கத் துணுக்கு, எட்டுத் தரவுத் துணுக்குகள், நிறுத்தத் துணுக்கு என்று பத்துத் துணுக்குகளைப் பெறுநர் தன் சொந்தக் கடிகாரத்தால் எண்ண வேண்டும். இரு கடிகாரங்களும் சில விழுக்காட்டுக்கு மேல் விலகினால் கடைசித் துணுக்குகள் தவறாகப் படிக்கப்படும். வெப்பநிலை உணரி முன்னர்க் கண்ட ஐ-ஸ்கொயர்-சி வழியாக இணையும். வானொலிச் சில்லு எஸ்பிஐ என்னும் நான்கு கம்பி முறையில் இணையும்.

காட்டுப் பகுதியில் கைப்பேசிக் குறிகையை நம்ப இயலாது. ஆகவே குறைந்த மின்சாரத்தில் சில கிலோமீட்டர் வரை எட்டும் லோரா வானொலி முறை இத்தகைய பணிக்குக் கையாளப்படுகிறது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை உரிமம் இன்றிக் குறைந்த திறனில் பயன்படுத்தலாம். பாறையும் மரமும் இடையில் நின்றால் எட்டும் தொலைவு வெகுவாகக் குறையும். இதைக் கணக்கிட்டுச் சொல்வதைவிட நடந்து சென்று அளப்பதே எளிது. மலையடிவாரத்தில் இணைய இணைப்புள்ள ஒரு பெறுநிலையம் செய்தியை வாங்கி எம்க்யூடிடி நெறிமுறையில் வழங்கிக்கு அனுப்பும். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கப்பட்ட நெறிமுறை அது.

மின்வழங்கலே பெரும்பாலான மாணவத் திட்டங்களை வீழ்த்தும் இடமாகும். ஈஎஸ்பி32 சில்லின் ஆழ்துயில் நிலையில் மின்னோட்டம் சுமார் 10 மைக்ரோஆம்பியர் மட்டுமே என்று தரவுத்தாள் கூறும். ஆனால் கடையில் கிடைக்கும் பயிற்சிப் பலகையில் மின்னழுத்தச் சீராக்கியும் யூஎஸ்பி சில்லும் விளக்கும் சேர்ந்திருப்பதால் துயிலிலும் பல மில்லியாம்பியர் செலவாகலாம். 10 மில்லியாம்பியர் என்று கொண்டால், 2000 மில்லியாம்பியர்-மணி மின்கலம் 200 மணி நேரத்தில், அதாவது எட்டு நாட்களில் தீர்ந்துவிடும். குற்றாலப் பருவத்தில், சூன் முதல் ஆகத்து வரை, மேகம் நாட்கணக்கில் கலையாது. சூரிய மின்கலம் மட்டும் காப்பாற்றாது. கருவி மிகவும் தேவைப்படும் காலமே அதற்கு மின்சாரம் குறையும் காலம். பயிற்சிப் பலகையை விட்டுத் தனி மின்சுற்றுப் பலகையைக் கைகேட் போன்ற கட்டற்ற மென்பொருளில் வரைய வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

இவற்றைவிடக் கடினமான வினா ஒன்று உண்டு. மேலிருந்து செய்தி வரவில்லை என்றால் வெள்ளம் இல்லை என்று பொருளா, கருவி அடித்துச் செல்லப்பட்டது என்று பொருளா? கருவி குறித்த இடைவெளியில் தான் இயங்குவதை அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிவிப்பு நின்றால் கீழ்நிலையம் அதைப் பழுதாகக் கருதிக் காவலருக்குத் தெரிவிக்க வேண்டும். நிரல் உறைந்துவிட்டால் தானே மீளத் தொடங்கக் காவல் கடிகை வேண்டும். மறுபுறம், பொய் எச்சரிக்கைகள் மிகுந்தால் சங்கொலியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஓர் ஒற்றை அளவீட்டை நம்பாமல் அடுத்தடுத்த அளவுகளின் இடைநிலையைக் கொள்வது இதற்கான எளிய தீர்வு. மாணவர் கட்டும் கருவி அரசின் எச்சரிக்கை ஏற்பாட்டுக்கு மாற்றாகாது. ஆயினும் பழுதுநிலை வடிவமைப்பு என்னும் இப்பகுதிக்குப் பெரும்பாலான இணையவழிப் பாடங்கள் ஒரு விரிவுரைகூட ஒதுக்குவதில்லை.

வட்டாரச் சூழல்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கியது. இப்பகுதியின் பெயர் மென்பொருள் துறையில் அறியப்படுவதற்குக் காரணம் சோகோ நிறுவனம். அந்நிறுவனம் 2011-இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான சிறீதர் வேம்பு மின்பொறியியல் பயின்று, தொடக்கத்தில் குவால்காம் நிறுவனத்தில் கம்பியில்லாத் தொடர்பியலில் பணியாற்றியவர். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியபோது அதன் முதன்மை விளைபொருள் எஸ்என்எம்பி என்னும் வலையமைப்பு மேலாண்மை நெறிமுறையைச் சார்ந்த மென்பொருளே. ஆகத் தென்காசியின் மென்பொருள் அலுவலகத்துக்கும் தொடர்பு நெறிமுறைகளுக்கும் உள்ள உறவு பலர் எண்ணுவதைவிடப் பழையது.

அந்நிறுவனம் பள்ளி முடித்தோருக்கும் பட்டயம் பெற்றோருக்கும் உதவித்தொகையுடன் நடத்தும் பயிற்சிப் பள்ளி தென்காசியிலும் இயங்குகிறது. அது இணையவழிப் படிப்பு அன்று. மாணவர் நாள்தோறும் நேரில் வந்து பயில்வது. இணையத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் தன் ஊழியரை உருவாக்க நேர்முகப் பயிற்சியைத் தேர்ந்தது கவனிக்கத்தக்கது. ஆனால் அதன் முதன்மைப் பணி மென்பொருள் ஆகும். வன்பொருள் கற்பவர் வேலைக்குச் சென்னை, திருப்பெரும்புதூர், ஓசூர், கோயம்புத்தூர், பெங்களூரு ஆகிய இடங்களையே நோக்க வேண்டியுள்ளது.

வரைபடத்தைப் பார்த்தால் மற்றொரு திசையும் தெரியும். திருவனந்தபுரம் தென்காசியிலிருந்து மலையைக் கடந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலான தொலைவில்தான் உள்ளது. அங்குள்ள உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையமான சி-டாக், ஆர்ஐஎஸ்சி-5 கட்டளைத் தொகுதியைக் கொண்ட வேகா செயலிகளை உருவாக்கியது. தேஜாஸ்32 என்னும் நுண்கட்டுப்படுத்திச் சில்லும் அதைக் கொண்ட ஏரீஸ் பயிற்சிப் பலகைகளும் அதன் விளைவுகளே. உட்பொதி அமைப்பு வடிவமைப்பில் சி-டாக் நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பின் மையங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. இணையத்தில் அடிப்படையைக் கற்று, செய்முறைக்கு மலைக்கு அப்பால் செல்வது, சென்னைக்குச் செல்வதைவிட இவ்வட்டார மாணவருக்கு அண்மையானது. 2018-இல் செங்கோட்டை-புனலூர் அகலப்பாதைப் பணி நிறைவடைந்து தொடருந்து மீண்டும் ஓடத் தொடங்கியதால் கேரளப் பயணமும் எளிதாயிற்று. மாநில எல்லை காரணமாகவோ என்னவோ, வழிகாட்டும் கையேடுகளில் இவ்வழி அரிதாகவே காணப்படுகிறது.

தமிழ்நாட்டுக்குள் ஆர்ஐஎஸ்சி-5 பணிக்குப் பெயர் பெற்றது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி செயலித் திட்டம். அதன் சில்லு ஒன்றில் 2018-இல் லினக்சு இயங்குதளம் இயக்கிக் காட்டப்பட்டது. அதன் வடிவமைப்பு மூலங்கள் கட்டற்ற முறையில் வெளியிடப்பட்டுள்ளதால், ஒரு முழுச் செயலியின் உட்புறத்தைப் படிக்க விரும்புபவர் தம் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

மொழி

இப்படிப்புகளின் பயிற்று மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றின் எழுத்துருவைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட்டு வருகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேச்சுவழிப் பயிற்சித் திட்டம் கட்டற்ற மென்பொருள்கள் குறித்த குறும்பாடங்கள் பலவற்றைத் தமிழ்க் குரலிலும் வழங்குகிறது. பத்து நிமிட அளவிலான அப்பாடங்கள், கேட்டுக்கொண்டே தாமும் செய்து பார்க்கும் வகையில் அமைந்தவை.

கலைச்சொற்களில் இன்னும் இசைவு ஏற்படவில்லை. செயலியின் வேலையை இடைமறிக்கும் குறிகைக்கும், ஒரு வானொலி அலையை மற்றொன்று கெடுப்பதற்கும் குறுக்கீடு என்ற ஒரே சொல் வழங்குகிறது. நெறிமுறைகளின் படிநிலையும் நினைவகத்தின் ஒரு பகுதியும் இரண்டுமே அடுக்கு எனப்படுகின்றன. உட்பொதி அமைப்புப் பாடத்தில் இந்நான்கும் ஒரே பக்கத்தில் வரக்கூடியவை. முதலாவதற்கு இடைமறிப்பு என்றும், நினைவகப் பகுதிக்கு அடுக்ககம் என்றும் வேறுபடுத்தினால் குழப்பம் குறையும். மேலும் சில்லுகளின் தரவுத்தாள்கள் ஆங்கிலத்தில் மட்டுமே வெளிவருகின்றன. ஆகவே தமிழில் கருத்தைப் புரிந்துகொண்டவரும் தரவுத்தாளின் ஆங்கிலச் சொற்களைத் தனியே பயின்றாக வேண்டும். இருமொழிச் சொற்பட்டியலை முதல் வாரத்திலேயே தரும் பாடங்கள் இவ்வகையில் உதவியாக இருக்கும்.

மதிப்பீடும் சான்றிதழும்

என்பிடெல் பாடங்களைப் பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட நகர மையம் ஒன்றில் நேரில் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாக ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் அளிக்கப்படுகின்றன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை சுவயம் வழியாகப் பயில்வதைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கலாம் என்று 2021-இல் விதி திருத்தப்பட்டது. முன்னர் இது 20 விழுக்காடாக இருந்தது. எனவே கல்லூரி மாணவர் பலர் மதிப்பெண் அலகுக்காகவே இப்பாடங்களில் சேர்கின்றனர். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சு 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழும் பொறியியல் மாணவருக்குத் திறன் பயிற்சிகள் வழங்கப்படுகின்றன.

உட்பொதி அமைப்புப் பாடத்தின் சான்றிதழ்த் தேர்வு, பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களால் ஆனது. ஐ-ஸ்கொயர்-சி முகவரி எத்தனை துணுக்கு என்று அதில் கேட்கலாம். வேலை செய்யாத பலகை ஒன்றைக் கொடுத்து ஏன் என்று கேட்க இயலாது. இதனால் இத்துறையில் ஆள் சேர்ப்போர் சான்றிதழுடன் மாணவர் செய்த கருவியையும், அதன் சுற்று வரைபடத்தையும், நிரல் களஞ்சியத்தையும் காண விரும்புவது உண்டு. மேலே கூறிய நீர்மட்ட அளவி போன்ற ஒன்றை ஒரு பருவமழை முழுதும் வெளியில் நிறுத்தி, அது எந்த நாளில், எதனால் நின்றது என்ற குறிப்பேட்டையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு நேர்காணலில் பேசப் பொருள் இருக்கும்.